இங்கா சட்டம்

இங்காவைக் கொன்ற கைத்துப்பாக்கியை மாவட்ட ஷெரிப் அலுவலகத்தில் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஈரம் தாக்காத அறை, பூட்டுள்ள இரும்பு அலமாரி, அதற்கென்று ஒரு தட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். துடைத்தவரின் கையெழுத்தும் தேதியும் பக்கத்திலேயே ஒரு அட்டையில் இருந்தன. இங்காவின் பொருட்கள் ஒரு பழுப்புக் காகிதப் பையில் தரையில் கிடந்தன. அவற்றைத் துடைக்கச் சட்டத்தில் இடமில்லை.

வழக்கு முடிந்த மறுநாள் அந்தப் பையை வாங்கத்தான் டெல்மர் ஹோம்க்விஸ்ட் வந்திருந்தார். இங்காவின் அப்பா, அறுபத்து மூன்று வயது. கதிரடிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக வெல்டிங் பட்டறை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெர்னிஸ் பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்தவள். சின்ன மாவட்டம் என்பதால் சான்றுப் பொருள் அறை, பொது ஏலம், கைதானவர்களைப் பதிவு செய்வது மூன்றும் அவள் பொறுப்பு. ஒரே அறையில் மூன்று நாற்காலி. வேலைக்குத் தகுந்தபடி மாறி மாறி உட்காருவாள்.

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, கையெழுத்துப் போடு டெல்மர்."

போட்டார். பையைத் தூக்கவில்லை. சுவரில் கடிகார முள் கொஞ்ச தூரம் நகர்ந்தது.

"அது என்ன ஆகும்?" என்றார்.

எது என்று பெர்னிஸ் கேட்கவில்லை. "அடுத்த ஏலத்துல போகும். கண்காட்சி மைதானத்துல, எப்பவும் போல."

"உருக்கிட முடியாதா?"

"உருக்கினா நான் உள்ள போயிடுவேன். அரசாங்கம் கைக்கு வந்த துப்பாக்கிய அழிக்கக் கூடாது, வித்தாகணும். சட்டம் அப்படி இருக்கு."

டெல்மருக்கு அது புதிய செய்தியில்லை. வழக்கு நடந்தபோதே வெளிவந்த விஷயம். ஆறு வருடத்துக்கு முன் ஒருவன் பெட்ரோல் நிலையத்தில் அந்தத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டி, கல்லாவில் இருந்தவரின் முழங்காலில் சுட்டான். அப்போது அது இதே அலமாரிக்கு வந்தது, எண்ணெய் போடப்பட்டது, ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவன் கிளின்ட், இங்காவின் கணவன். அவள் அவனை விட்டுப் பிரிந்து கால்நடை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம், ஒரு மத்தியான நேரம், வண்டி நிறுத்தும் இடத்தில் காத்திருந்து சுட்டான். அந்த ஏலத்தில் அவனுக்கு ரசீது கிழித்துக் கொடுத்தவள் பெர்னிஸ். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை.

டெல்மருக்குத் துப்பாக்கி என்ற பொருள் மேல் பகை கிடையாது. வீட்டில் அவருடையது பதினொன்று. பன்னிரண்டாவது இங்காவின் மான் துப்பாக்கி. அவளுடைய பன்னிரண்டாவது பிறந்த நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது. இப்போதும் சமையலறைக் கதவுக்கு மேலே அவள் மாட்டிய ஆணியில்தான் தொங்குகிறது. நவம்பர் வந்தால் அந்த ஊரில் பாதிப் பேர் காட்டில் இருப்பார்கள், அவரும் இருப்பார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அலமாரியில் இருக்கிற அந்த ஒன்று இனி எவன் கைக்கும் போகக் கூடாது.

உள்ளூர்ப் பத்திரிகையில் இது நாலு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு, சட்டமன்ற உறுப்பினர் செலஸ்ட் ஓபர் தலைநகரிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பத்து வருடமாகப் போராடுகிறவர். பத்து வருடத்தில் இருபத்து மூன்று மசோதா கொண்டுவந்து இருபத்து மூன்றிலும் தோற்றவர் என்று அவரே சொன்னார், ஒரு பதக்கத்தைக் காட்டுவதுபோல. டெல்மரின் மனைவி லோர்னா காபி ஊற்றி, ஆப்பிள் பலகாரம் ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

"நாம கேக்கப்போறது சின்ன விஷயம்," என்றார் ஓபர். "கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கிய, செத்தவங்க குடும்பம் கேட்டா, மாவட்டம் அழிக்கலாம். அழிக்கணும்னுகூட இல்ல. அழிக்கலாம். மொத்தமே பதினோரு வரி. இங்கா சட்டம்னு பேர் வைப்போம்."

"பேர் எதுக்கு?" என்றாள் லோர்னா.

"நம்பர் மட்டும் இருந்தா எவனுக்கும் ஞாபகம் இருக்காதும்மா. பேர் இருந்தாத்தான் கண்ணீர் வரும். கண்ணீர் வந்தாத்தான் ஓட்டு வரும். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் வரும்."

பிறகு ஒரு படம் கேட்டார். லோர்னா குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்ததை எடுத்து வந்தாள். பத்தொன்பது வயது இங்கா, ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை, காலடியில் எட்டுக் கிளைக் கொம்புள்ள மான், மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி, முகம் முழுக்கச் சிரிப்பு.

ஓபர் அதை வெகுநேரம் பார்த்தார். "துப்பாக்கி இல்லாம சிரிக்கிற படம் ஏதாவது இருக்குமா?"

லோர்னா மூன்று அட்டைப்பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். பிறகு, "சிரிக்கிறது இதுலதான்," என்றாள்.

வெட்டிப் பார்த்தார்கள். துப்பாக்கியை விட்டு வெட்டினால் ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும்தான் மிஞ்சின. கடைசியில் முழுப் படத்தையே வாங்கிக்கொண்டு போனார். வழியில் மூன்று பிரதிகள் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பி அனுப்பினார்.

மசோதாவைப் பற்றிய குழு விசாரணை பிப்ரவரியில். பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில் டெல்மரும் லோர்னாவும் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். வாசலில் இரண்டு வரிசை. ஒன்று நீளமானது, பைகளைத் திறந்து காட்ட வேண்டும், பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்னொன்றில் ஆளே இல்லை. டெல்மரின் கையில் இங்காவின் படம், கண்ணாடிச் சட்டம் போட்டது. காவலர் அதை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி உள்ள போகாது சார். உடைச்சா ஆயுதம்."

அந்த நேரத்தில் காலி வரிசை வழியாக ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு, காவலருக்கு ஒரு அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

"அவரு?" என்றார் டெல்மர்.

"அவருக்கு உரிமம் இருக்கு."

"எங்கிட்டயும் இருக்கு," என்று டெல்மர் தன் அட்டையை எடுத்துக் காட்டினார்.

காவலருக்கு அவர் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. "துப்பாக்கி எங்க?"

"கொண்டுவரல."

"கொண்டுவந்திருந்தா இந்தப் பக்கமே போயிருக்கலாம் சார். இந்தப் படத்தையும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அடுத்த தடவை ஞாபகம் வச்சுக்குங்க."

படத்தைச் சட்டத்திலிருந்து உருவி லோர்னா கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பெயர், ஊர், மசோதா எண், அதற்குக் கீழே மூன்று கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. டெல்மர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பதினோரு வரியையும் அவர் படித்திருந்தார், அதில் எதிர்க்க எதுவும் இல்லை. ஆதரவில் டிக் போட்டார். அவருடைய சீட்டுத்தான் முதல் சீட்டு என்று சொல்லி, மேலே ஒன்றாம் எண் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

குழுத் தலைவர் ஹார்லன் பிட்மன் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். சிவந்த முகம், கனிவான குரல், சட்டைப் பையில் எல்லோருக்கும் கொடுக்கப் புதினா மிட்டாய். முதல் அலுவல், உயிரிழந்தவர்களுக்கான மௌனம். செயலர் எழுந்து ஒரு விளக்கம் படித்தார். சம்பவங்கள் அடிக்கடி நடப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுந்து நின்றால் அவை நேரம் வீணாகிறது. ஆகையால் ஜனவரி முதல் கூட்டத்திலேயே முழுக் கூட்டத்தொடருக்கும் சேர்த்து ஒரு மௌனம் அனுசரிக்கப்பட்டுவிட்டது. மே மாத முடிவு வரை நடக்கப்போகும் சம்பவங்களுக்கும் அது செல்லும். உறுப்பினர்கள் யாரும் எழவில்லை. எழுந்து நின்றது டெல்மரும் லோர்னாவும் மட்டும்தான். பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஓபர் பேசினார். அழகாகப் பேசினார். மூன்றாவது நிமிடத்தில் இங்காவின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஐந்தாவது நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி உடைந்தது. பிறகு பிட்மன், தலைவர் நாற்காலியில் இருந்தபடியே ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நண்பர்களே, இந்தக் குடும்பத்தோட துக்கம் என்னோட துக்கம். ஆனா ஒரு விஷயம் கேக்கறேன். இந்த மாநிலத்துல ஒரு துப்பாக்கி மேல இதுவரைக்கும் ஒரு குத்தமாவது நிரூபணம் ஆகியிருக்கா? பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒண்ணுகூட கெடையாது. கொன்னவன் உள்ள இருக்கான். அவனுக்கு வக்கீல் குடுத்தோம், மூணு வேளை சோறு போடறோம். இந்தத் துப்பாக்கிக்கு என்ன குடுத்தோம்? ரெண்டு வருஷமா இருட்டு அலமாரி. இப்போ அதுக்கு மரண தண்டனை கேக்கறாங்க. விசாரணை எங்க? அதோட தரப்ப யார் கேட்டா?"

பார்வையாளர் பக்கம் சிலர் தலையாட்டினார்கள்.

"இன்னொருத்தரையும் நெனச்சுப் பாருங்க. நல்ல மனுஷன், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், அடுத்த வருஷமோ அதுக்கு அடுத்த வருஷமோ இதை வாங்கப்போறவன். அவன் யாருன்னு நமக்குத் தெரியாது. அவனுக்கே இன்னும் தெரியாது. தனக்கு ஒரு உரிமை இருக்குங்கறதே தெரியாம எங்கயோ நிம்மதியாத் தூங்கிட்டிருக்கான். அவன் தூங்கும்போதே அவன் சொத்தை உருக்கறதா? அவனால இன்னிக்கு இங்க வர முடியல. அவனுக்காக ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கோம்."

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'எதிர்கால உரிமையாளர்' என்று அட்டை வைத்திருந்ததை டெல்மர் அப்போதுதான் கவனித்தார். அதில் தன் தொப்பியை வைத்திருந்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் முறை. ஒருவருக்கு இரண்டு நிமிடம். மேசையில் சின்ன விளக்கு: பச்சையில் தொடங்க வேண்டும், மஞ்சளில் முடிக்க வேண்டும், சிவப்பில் ஒலிவாங்கி தானாக அணைந்துவிடும். டெல்மர் உட்கார்ந்தார். பச்சை எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒன்றைக் கேட்டால் உடனே பதில் வராது. கேட்டவர் இரண்டு வாய் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொல்வதுதான் அங்கே மரியாதை. அவசரமாகப் பதில் சொல்கிறவன் விற்க எதையோ கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"எங்க வீட்டுலயும் துப்பாக்கி இருக்கு," என்றார் கடைசியில். ஓபரின் முகம் லேசாக வெளுத்தது. எதிர்ப்பக்கம் யாரோ கை தட்டினார். "என் பொண்ணும் வச்சிருந்தா. யார் கையில இருக்கறதையும் புடுங்கச் சொல்லி நான் வரல. அந்த ஒண்ணு, அது ஏற்கெனவே ஒருத்தர் முழங்காலைச் சுட்டுச்சு. அதுக்கப்புறம் நம்ம மாவட்டம்தான் அதுக்கு எண்ணெய் போட்டு, தொடைச்சு, கையில குடுத்து..."

மஞ்சள் எரிந்தது. அவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். சொல் வரும்போது சிவப்பு எரிந்தது. அவர் உதடு அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். என்ன சொன்னார் என்பது லோர்னாவுக்கு மட்டும் கேட்டது.

"துப்பாக்கி வச்சிருக்கிற ஒரு கௌரவமான குடிமகனோட சாட்சியத்துக்கு நன்றி," என்றார் பிட்மன். "அவர் சொன்னதால உந்தப்பட்டு நான் ஒரு திருத்தம் கொண்டுவர்றேன்."

திருத்தம் ஏற்கெனவே அச்சடித்து, வண்ணக் காகிதத்தில் எல்லோர் மேசையிலும் இருந்தது. செயலர் படித்தார். மசோதாவின் தலைப்பு அப்படியே இருக்கும். தலைப்புக்குக் கீழே உள்ள அனைத்தும் நீக்கப்படும். அதற்குப் பதிலாக: அரசின் காவலுக்கு வரும் எந்தத் துப்பாக்கியையும் தொண்ணூறு நாளுக்குள் விற்றாக வேண்டும். அதன் முந்தைய வரலாறு, வாங்குபவர் மனத்தில் தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்பதால், சொல்லப்படக் கூடாது. வாங்கியவர் உட்பட எவரும் அதைச் சேதப்படுத்தவோ செயலிழக்கச் செய்யவோ கூடாது, மீறினால் கடுங்குற்றம். வாங்கிய தொண்ணூறாம் நாள் அதைக் கொண்டுவந்து நல்ல நிலையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். எட்டு ஆண்டுக்குப் பிறகு ஒரு ஆய்வுக் குழு அமைப்பது பற்றி யோசிக்கப்படும். கடைசி வரி ஓபருக்காக.

துப்பாக்கி உரிமையாளர் சங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் பின்னாலிருந்து கை தூக்கினார். "தலைவரே, காசு குடுத்து வாங்கின பொருளை உடைக்கக் கூடாதுன்னா, அது உரிமையாளரோட உரிமையில கை வைக்கிறது ஆகாதா?"

"வச்சிருக்கறதுதான் உரிமை," என்றார் பிட்மன் அன்பாக. "உடைக்கறது உரிமை இல்லங்க. அது ஒரு மனநிலை. இன்னிக்கு வச்சிருக்கறவன் நாளைக்கு வாங்கப்போறவனுக்காகப் பாதுகாத்து வைக்கிறான், அவ்வளவுதான்." கிழவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரு மிட்டாய் அனுப்பி வைக்கப்பட்டது.

பிறகு பிட்மன் டெல்மர் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஹோம்க்விஸ்ட், குடும்பத்துக்கு இதுல ஆட்சேபணை ஏதாவது உண்டா?"

டெல்மருக்குத் திருத்தம் புரியச் சிறிது நேரம் ஆனது. பதினோரு வரியும் போய்விட்டன என்பது முதலில் புரிந்தது. அந்தத் துப்பாக்கியை இனி யாரும் எப்போதும் அழிக்கவே முடியாது என்பது அதற்குப் பிறகு புரிந்தது. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர் மரியாதையாக யோசிக்கத் தொடங்கினார்.

பிட்மன் சுத்தியலால் மேசையை மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினார்.

"மௌனம். குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு பதிவு செய்யுங்க."

"இருங்க," என்றார் டெல்மர். ஒலிவாங்கி அணைந்துதான் இருந்தது.

அவர் டிக் போட்ட ஆதரவுச் சீட்டும் அப்படியே செல்லும் என்று செயலர் பிறகு விளக்கினார். ஆதரவு என்பது மசோதாவின் எண்ணுக்குத்தான், அதன் உள்ளடக்கத்துக்கு அல்ல. எண் மாறவில்லை. ஆகவே இங்கா சட்டத்தின் முதல் ஆதரவாளர் டெல்மர் ஹோம்க்விஸ்ட்.

நடைபாதையில் ஓபர் லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "பேரை எடுத்துடணும்னு பிட்மன் ஆளுங்க ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாங்க. நான் விடவே இல்ல. பேரைக் காப்பாத்திட்டோம். பத்து வருஷத்துல என்னோட மசோதா ஒண்ணு வெளிய வர்றது இதுதான் முதல் தடவை."

லோர்னா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கையுறைகளை ஒவ்வொரு விரலாகப் போட்டுக்கொண்டாள். இருவரும் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்கள். சாலையில் பனி அள்ளும் வண்டி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. டெல்மர் அதை முந்தவில்லை.

இரண்டு அவையிலும் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்திட்டார். அங்கே வழக்கம், ஆளுநர் தன் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு பேனாவால் போட்டு, பேனாக்களைப் பங்கு கொடுப்பது. பிட்மனுக்கு நாலு, ஓபருக்கு இரண்டு, டெல்மருக்கு ஒன்று. லோர்னா அதைச் சமையலறை மேசை இழுப்பறையில், தீர்ந்துபோன பாட்டரிகளோடு போட்டு மூடினாள். ஒரு வாரத்தில் மாநிலத்தின் எழுபத்தொரு ஷெரிப் அலுவலகங்களுக்கும் சுவரொட்டி வந்தது. 'இங்கா சட்டம்: உங்கள் துப்பாக்கி, உங்கள் பொறுப்பு.' படத்தில் இங்கா மார்புக்குக் குறுக்கே துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பிரதிகளில் ஒன்று எப்படியோ அடுத்த கட்சியின் கைக்குப் போயிருந்தது. வெட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஏப்ரலில் ஏலம். கண்காட்சி மைதானத்தில், கன்றுகளைக் காட்டும் கொட்டகையில், வைக்கோல் வாசனையோடு நடந்தது. இருநூறு பேருக்குக் குறையாது. சட்டப்படி எந்தத் துப்பாக்கியின் வரலாறும் சொல்லப்படவில்லை. ஆனால் பதினேழாம் எண்ணை மேசையில் வைத்தபோது கொட்டகை முழுக்க அது எதுவென்று தெரிந்திருந்தது.

டெல்மர் கையைத் தூக்கினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பழக்கம் உண்டு. கடனில் மூழ்கிய வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்து, அந்த வீட்டுக்காரனே கேட்டால், வேறு எவனும் வாய் திறக்க மாட்டான். பாட்டன் காலத்துப் பழக்கம். ஏலக்காரர் சுற்றிலும் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்த ஒருவன் கையைத் தூக்கப்போனான். பக்கத்தில் நின்ற தடித்த ஆள் அவன் தோள் மேல் சும்மா கையை வைத்தான். இருநூறு பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கீழே பார்த்தார்கள். தொடக்க விலையிலேயே ஏலம் முடிந்தது. டெல்மரின் வாழ்க்கையில் அந்த இரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த மௌனங்களில் மௌனமாக இருந்தது அது ஒன்றுதான்.

பெர்னிஸ் ரசீது கிழித்தாள். சட்டப்படி ஒரு பராமரிப்புக் கையேடும் சின்னப் புட்டி எண்ணெயும் கொடுத்தாள்.

"தொண்ணூறாம் நாள் கொண்டுவந்து காட்டணும் டெல்மர்," என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "அதுவரைக்கும் நான் எதுவும் கேக்கப்போறதில்ல."

மறுநாள் பத்து மணிக்கு, நல்ல வெயிலில், பட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அதை வெட்டினார். முதலில் குழாய், பிறகு விசைப் பகுதி, பிறகு கைப்பிடி. கேஸ் கட்டரின் நீலச் சுடர் படும் இடத்தில் இரும்பு முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு சொட்டியது. லோர்னா வாசலில் நின்று பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதே என்று அவர் சொன்னார். அவள் பார்த்தாள். முடிந்ததும் உள்ளே போய் மதியத்துக்கு உருளைக்கிழங்கு வேகப் போட்டாள்.

எங்காவது ஏரியில் போட்டுவிட்டுத் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லலாம் என்று இரண்டு நண்பர்கள் அவருக்கு யோசனை சொன்னார்கள். அவர் அதையும் யோசித்தார். ஜூலையில் தொண்ணூறாம் நாள், இங்காவின் பொருட்கள் வந்த அதே பழுப்புப் பையில் மூன்று துண்டுகளையும் போட்டு எடுத்துக்கொண்டு ஷெரிப் அலுவலகத்துக்குப் போனார்.

பெர்னிஸ் பைக்குள் எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கைதானவர்களைப் பதிவு செய்யும் நாற்காலி.

"கேக்க வேண்டியதக் கேக்கணும். கோவிச்சுக்காத."

"கேளு."

"எந்தச் சட்டத்துக்குக் கீழன்னு இங்க எழுதணும்." எழுதினாள். எழுதும்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாநிலத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் கைதான முதல் ஆள் அவர்தான். படிவத்தின் எண்ணும் ஒன்று.

"பாதிக்கப்பட்டவர்." துப்பாக்கியின் தொடர் எண்ணை உடைந்த துண்டில் தேடிப் பிடித்து எழுதினாள். "குத்தவாளிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் முன்ன பழக்கம் உண்டா?"

டெல்மர் அவளைப் பார்த்தார். அவள் 'உண்டு' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது அவள் கை நின்றது. "டெல்மர், கடுங்குத்தம்னா உனக்குத் தெரியும்ல? குத்தம் சாட்டின நாள்லேருந்து வீட்டுல ஒரு துப்பாக்கியும் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் நாங்க எடுத்துக்கணும். எடுத்தா..."

"ஏலம்," என்றார் அவர்.

"தொண்ணூறு நாளுக்குள்ள. நீ கேக்க முடியாது. லோர்னாவும் முடியாது, ஒரே வீடு." அவள் பேனாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொண்ணாச் சொல்லு."

சொன்னார். அப்பாவின் பழைய வாத்துத் துப்பாக்கி. அண்ணன் கொடுத்தது. முயலுக்கு வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் இடைவெளி விட்டார், அவள் காத்திருந்தாள். பதினொன்று ஆனது.

பிறகு அவர் பேசவில்லை.

பெர்னிஸும் பேசவில்லை. அவளுக்கு எதிர்ச் சுவரில் சுவரொட்டி இருந்தது. இங்கா சிரித்துக்கொண்டிருந்தாள். மார்புக்குக் குறுக்கே அவள் பிடித்திருந்தது, சமையலறைக் கதவுக்கு மேலே தொங்குவதுதான். அடுத்த அறையில் ஷெரிப்பின் ஆட்கள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடிகார முள் கொஞ்ச தூரம் நகர்ந்தது. டெல்மர் தன் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெர்னிஸ் பேனாவின் பின்புறத்தால் மேசையை மெதுவாகத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"மௌனம்," என்றாள். "வேற இல்லைன்னு எழுதிக்கறேன்."

எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்திட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரொட்டியின் நாலு ஊசியையும் பிடுங்கினாள். துப்பாக்கி உள்பக்கம் போகும்படி அதை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவ சாமான்ல இது ஒண்ணு விட்டுப்போச்சு. எடுத்துட்டுப் போ."

சுவரில் நீள்சதுரமாக ஒரு வெளுத்த தடம் இருந்தது. மீதி எழுபது மாவட்டங்களிலும் சுவரொட்டி அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு மாவட்டமும் அதைத் தன் கணினியிலும் ஏற்றி வைத்திருந்தது. அதில் இங்கா, சமையலறைக் கதவுக்கு மேலே இருப்பதைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்கிற எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.